65 வயதும் மெடிகேரும்: ஓய்வு பெறப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

64 வயது ஓடிக்கொண்டிருக்கும்போதே வீட்டுத் தபால்பெட்டி வழியத் தொடங்கும். பளபளப்பான உறைகள், கோல்ஃப் மைதானத்தில் சிரிக்கிற வெள்ளைத்தலைத் தம்பதிகள், 'உடனே திறக்கவும்' என்று சிவப்பு எழுத்து. எனக்கு வந்ததையெல்லாம் ஓர் அட்டைப் பெட்டியில் போட்டு வைத்தேன். கடைசியில் கொட்டிப் பார்த்தால், அரசாங்கத்திடமிருந்து வந்திருந்தது ஒரே ஒரு கடிதம். மற்றதெல்லாம் தனியார் காப்பீட்டுக் கம்பெனிகளும் ஏஜெண்டுகளும் அனுப்பியவை. அந்தப் பெட்டியை நம்பி முடிவெடுக்கக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

65 வயதானவர்களுக்கு அமெரிக்க அரசு நடத்தும் மருத்துவக் காப்பீடுதான் மெடிகேர். அமெரிக்காவில் வேலை பார்த்து ஓய்வு பெறப் போகிறவர்களுக்கானது இது. பிள்ளைகள் கிரீன் கார்டில் அழைத்து வந்த பெற்றோருக்கும் நடுவில் ஒரு பகுதி உண்டு. தொகைகள் 2026ஆம் ஆண்டுக்கானவை. பெரும்பாலும் ஒவ்வொரு ஜனவரியிலும் கொஞ்சம் ஏறும். விதிகள் அவ்வளவு சீக்கிரம் மாறுவதில்லை.

முதலில் அந்த நாலு எழுத்துகள்

பார்ட் ஏ என்பது ஆஸ்பத்திரியில் படுத்தால் ஆகும் செலவுக்கு. பார்ட் பி என்பது டாக்டர், பரிசோதனை, ஸ்கேன், படுக்காமல் செய்யும் சிகிச்சைக்கு. பார்ட் டி மாத்திரை மருந்துக்கு. பார்ட் சி என்பது இந்த ஏ, பி இரண்டையும், பெரும்பாலும் டி-யையும் சேர்த்து ஒரு தனியார் கம்பெனியிடம் ஒப்படைப்பது. அட்வான்டேஜ் பிளான் என்று விளம்பரத்தில் வருவது அதுதான். இந்த நாலு எழுத்துக்கு வெளியே மெடிகேப் என்று ஒன்று இருக்கிறது. ஏ, பி கொடுத்தது போக மிச்சம் நம் தலையில் விழுவதை ஏற்றுக்கொள்ளும் தனியார் காப்பீடு அது.

ஏன் இப்படிச் சிதறிக் கிடக்கிறது என்றால், ஒரே நாளில் தைத்த சட்டை இல்லை இது. 1965 ஜூலை 30 அன்று அதிபர் லிண்டன் ஜான்சன் மிசூரியின் இண்டிபெண்டன்ஸ் நகரத்தில் கையெழுத்திட்டு, முதல் அட்டையை முன்னாள் அதிபர் ஹாரி ட்ரூமனிடம் கொடுத்தபோது ஏ, பி மட்டுமே இருந்தன. சி 1997 சட்டத்தில் வந்து சேர்ந்தது. மருந்துக்கான டி 2006இல்தான் நடைமுறைக்கு வந்தது. பல், கண்ணாடி, காது கேட்கும் கருவி ஆகியவற்றுக்கு ஏ, பி இன்றும் அநேகமாக எதுவும் தருவதில்லை. வயதான காலத்தில் குளிப்பாட்டி, சோறூட்டிப் பார்த்துக்கொள்ளும் நீண்டகாலப் பராமரிப்புக்கும் இல்லை. இதை முதலிலேயே மனதில் போட்டுக்கொள்வது நல்லது.

இன்னொன்று. இதுவரை ஆபீஸ் காப்பீட்டில் ஒருவர் பெயரில் குடும்பம் முழுக்க இருந்திருப்போம். மெடிகேரில் அப்படிக் கிடையாது. ஆளுக்கு ஒரு அட்டை. கணவர் 65இல் ஓய்வு பெற்றுவிட்டால் 60 வயது மனைவிக்கு எந்தக் காப்பீடும் தானாக வராது. அந்த ஐந்து வருடத்துக்கு மார்க்கெட்பிளேஸில் (தனியாகக் காப்பீடு வாங்க அரசு அமைத்த சந்தை) வாங்குவதா, மனைவியின் வேலை வழியாகவா, அல்லது கணவர் ஓய்வைத் தள்ளிப்போடுவதா என்று வேலையை விடும் முன்பே உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

படி 1: உங்களுக்கு ஏ இலவசமா என்று பாருங்கள்

அமெரிக்காவில் மொத்தம் பத்து வருடம் வரி கட்டி வேலை பார்த்திருந்தால், அதாவது 40 கிரெடிட் இருந்தால், ஏ-வுக்குப் பிரீமியம் கிடையாது. சோஷியல் செக்யூரிட்டி (அரசின் ஓய்வூதிய அமைப்பு) வலைத்தளத்தில் கணக்குத் திறந்தால் எத்தனை கிரெடிட் என்று தெரியும். வேலைக்கே போகாத மனைவிக்கும் கணவரின் கிரெடிட் வழியாக இலவச ஏ கிடைக்கும். கணவருக்கு 62 வயதாவது ஆகியிருக்க வேண்டும், அவ்வளவுதான். இந்தியாவில் வேலை பார்த்த வருடங்கள் இந்தக் கணக்கில் சேராது. இரு நாட்டுக்கும் இடையே அப்படி ஓர் ஒப்பந்தம் இல்லை.

பெற்றோர் விஷயத்துக்கு வருகிறேன். கிரீன் கார்டு வாங்கி, இந்த நாட்டில் தொடர்ந்து ஐந்து வருடம் வசித்த பிறகு, 65 வயதானவர் காசு கட்டி மெடிகேரில் சேரலாம். கிரெடிட் எதுவும் இல்லாதவருக்கு ஏ-வின் பிரீமியம் மாதம் 565 டாலர். 30 முதல் 39 கிரெடிட் இருந்தால் 311 டாலர். பி-க்கு எல்லோரையும் போல 202.90 டாலர். பி-யை மட்டும் தனியாகவும் வாங்கலாம், ஆனால் மெடிகேப்போ அட்வான்டேஜோ வேண்டுமென்றால் இரண்டும் கையில் இருக்க வேண்டும். ஐந்து வருடம் முடியும்வரை மார்க்கெட்பிளேஸ் காப்பீடுதான் வழி. நடுவில் ஆறேழு மாதம் இந்தியா போய்த் தங்கிவிட்டு வந்தால் 'தொடர்ந்து' என்ற சொல் இடிக்கும். டிக்கெட் போடும்போதே நாளை எண்ணிக்கொள்ளுங்கள்.

படி 2: தேதியைக் காலண்டரில் குறியுங்கள்

இதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். 1960இலும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்கு சோஷியல் செக்யூரிட்டியின் முழு ஓய்வூதிய வயது 67. மெடிகேருக்கு 65தான். இரண்டையும் ஒன்றென்று நினைத்து 67வரை காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும்.

65 வயதாகும் மாதம், அதற்கு முந்தைய மூன்று, பிந்தைய மூன்று, ஆக ஏழு மாதம் உங்கள் முதல் பதிவுக் காலம். முந்தைய மூன்று மாதத்துக்குள் பதிவு செய்துவிட்டால் பிறந்த மாதத்தின் முதல் தேதியிலிருந்து காப்பீடு தொடங்கும். அதற்குப் பிறகு செய்தால், பதிவு செய்த மாதத்துக்கு அடுத்த மாதம் முதல் தேதி. பிறந்த நாளே ஒன்றாம் தேதி என்றால் எல்லாம் ஒரு மாதம் முன்னால் நகரும். நம்மில் நிறையப் பேருக்குச் சான்றிதழில் ஒரு தேதி, வீட்டில் சொல்லும் தேதி வேறு. செல்லுபடியாவது சான்றிதழில் இருப்பதுதான், அம்மா சொன்னது இல்லை.

தவறவிட்டால்? பி-யில் ஒவ்வொரு முழுப் பன்னிரண்டு மாதத் தாமதத்துக்கும் பிரீமியத்தில் 10 சதவீதம் கூடுதல், பி இருக்கும்வரை. மூன்று வருடம் தாமதித்தவர் 30 சதவீதம் கூடுதலாக ஆயுசு முழுக்கக் கட்டுவார். அது மட்டுமில்லை, நினைத்த நேரத்தில் சேரவும் முடியாது. ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரை மட்டுமே கதவு திறக்கும். டி-க்கும் அபராதம் உண்டு. இணையான மருந்துக் காப்பீடு இல்லாமல் 63 நாள் இருந்துவிட்டால், காப்பீடு இல்லாத மாதத்துக்கு ஒரு சதவீதம் வீதம் எண்ணிவிடுவார்கள்.

இன்னும் வேலையில் இருந்தால் விதி வேறு. உங்கள் அல்லது துணைவரின் கம்பெனியில் 20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்த்து, அந்த வேலை வழியாகவே காப்பீடு இருந்தால், அபராதமில்லாமல் பி-யைத் தள்ளிப்போடலாம். வேலையோ காப்பீடோ, எது முதலில் முடிகிறதோ அன்றிலிருந்து எட்டு மாத அவகாசம். 20க்கும் குறைவான சின்னக் கம்பெனி என்றால் 65இல் மெடிகேர்தான் முதலில் பில் கட்ட வேண்டியது. பி எடுக்காமல் இருந்தால் கம்பெனிக் காப்பீடும் கையை விரிக்கக்கூடும்.

கோப்ரா, அதாவது வேலையை விட்ட பிறகு முழுப் பிரீமியத்தையும் நாமே கட்டி அதே கம்பெனிக் காப்பீட்டைத் தொடர்வது, இந்தக் கணக்கில் சேராது. இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. என்னோடு வேலை பார்த்த ஒருவர் 66இல் வேலையை விட்டு, 'காப்பீடுதான் இருக்கிறதே' என்று பதினெட்டு மாதம் கோப்ராவில் இருந்தார். மாதாமாதம் பெரிய தொகை கட்டினார், எல்லாம் ஒழுங்காக நடப்பதாகத்தான் தோன்றியது. முடிந்த பிறகு பி-க்கு விண்ணப்பித்தால், எட்டு மாதம் எப்போதோ ஓடிப்போயிருந்தது. அபராதம் பத்து சதவீதம்தான். ஆனால் அடுத்த ஜனவரிவரை பதிவே செய்ய முடியாமல், காலையில் எழுந்தால் ரத்த அழுத்தம் பார்த்துப் பார்த்து மனிதர் நொந்துபோனார்.

எச்.எஸ்.ஏ. (மருத்துவச் செலவுக்கென வரிச் சலுகையோடு சேமிப்பது) கணக்கில் பணம் போடுகிறவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு: 65க்குப் பிறகு விண்ணப்பித்தால் ஏ ஆறு மாதம் வரை பின்தேதியிட்டுத் தொடங்கும். ஆகவே விண்ணப்பிக்க ஆறு மாதம் முன்பே எச்.எஸ்.ஏ.-வில் போடுவதை நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் வரியில் இடிக்கும்.

படி 3: பதிவு

65க்கு நாலு மாதம் முன்பிருந்தே சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருந்தால், ஏ-யும் பி-யும் தானாக வந்துவிடும். அட்டை தபாலில் வரும். மற்றவர்கள் தாமாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பம் போகிற இடம் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகம். ஓய்வூதியத்தை இப்போது வேண்டாமென்று வைத்துவிட்டு மெடிகேருக்கு மட்டும் விண்ணப்பிக்க அவர்கள் வலைத்தளத்தில் வழி இருக்கிறது; எனக்கு இருபது நிமிடம்கூட ஆகவில்லை. வேலை முடிந்த பிறகு எட்டு மாத அவகாசத்தில் சேருகிறவர்கள் சிஎம்எஸ்-40பி என்ற படிவத்தோடு, கம்பெனி எச்.ஆர். நிரப்பித் தரும் சிஎம்எஸ்-எல்564 படிவத்தையும் கொடுக்க வேண்டும். வேலையை விடும் வாரத்திலேயே அதை எச்.ஆரிடம் நீட்டிவிடுங்கள். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் உங்களைத் தெரிந்தவர்கள் அங்கே இருக்க மாட்டார்கள்.

வரும் அட்டையைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். சிவப்பு, வெள்ளை, நீலத்தில் ஒரு காகிதத் துண்டு, கொஞ்சம் தடிப்பு, அவ்வளவுதான். பெயர், 11 எழுத்தும் எண்ணும் கலந்த மெடிகேர் எண், அதன் கீழே ஏ எந்தத் தேதியில் தொடங்கியது, பி எந்தத் தேதியில் என்று இரண்டு வரி. இந்த பி தேதியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த படியே அதை வைத்துத்தான். அப்புறம், போனில் யார் கூப்பிட்டு அந்த எண்ணைக் கேட்டாலும் வைத்துவிடுங்கள். மெடிகேர் தானாகக் கூப்பிட்டு எண்ணைக் கேட்பதில்லை.

படி 4: பெரிய முடிவு

ஏ, பி மட்டும் வைத்துக்கொண்டு இருந்துவிட முடியாதா? முடியும், ஆனால் பயங்கரம். பி-யில் வருடத்துக்கு 283 டாலர் டிடக்டிபிள் (காப்பீடு கொடுக்கத் தொடங்கும் முன் நாம் கட்டும் தொகை) போக, மிச்ச பில்லில் 20 சதவீதம் உங்களுடையது, அதற்கு உச்சவரம்பே இல்லை. புற்றுநோய் மருந்தை ஏற்றும் சிகிச்சைக்கு 20 சதவீதம் என்றால் எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள். ஏ-யில் ஒரு முறை ஆஸ்பத்திரியில் சேர்ந்தாலே 1,736 டாலர் டிடக்டிபிள். அது வருடத்துக்கு ஒரு முறை என்று பலர் நினைக்கிறார்கள். வெளியே வந்து 60 நாள் கழித்து மறுபடி சேர்ந்தால் மறுபடி 1,736.

ஆகவே இரண்டு பாதை. ஏ, பி-யோடு மெடிகேப், தனியாக ஒரு டி. அல்லது அட்வான்டேஜ்.

மெடிகேப் பாதையில் மாதாமாதம் பிரீமியம் கட்ட வேண்டும், வயது ஏற ஏற அதுவும் ஏறும். பதிலுக்கு, மெடிகேர் ஏற்கும் எந்த டாக்டரிடமும், எந்த மாநிலத்திலும் போகலாம். அநேகமாக யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பிளான்களுக்கும் எழுத்துதான் பெயர் (எழுத்துக்கு இங்கே பஞ்சமே இல்லை). இப்போது புதிதாகச் சேருகிறவர்கள் பெரும்பாலும் எடுப்பது ஜி அல்லது என். ஜி எடுத்தால் பி-யின் அந்த 283 டாலர் மட்டும் உங்களுடையது, மெடிகேர் ஏற்கும் மிச்ச பில்லை அது பார்த்துக்கொள்ளும். என் கொஞ்சம் மலிவு. டாக்டரைப் பார்க்க 20 டாலர் வரை, அவசரப் பிரிவுக்கு 50 டாலர் வரை கையிலிருந்து போகும். மாசசூசெட்ஸ், மினசோட்டா, விஸ்கான்சின் தவிர மற்ற மாநிலங்களில், ஜி என்றால் எந்தக் கம்பெனியிடம் வாங்கினாலும் சலுகைகள் ஒன்றுதான். விலை மட்டும் மாறும். அதனால் கம்பெனி பெயருக்காக அதிகம் கொடுக்காதீர்கள்.

அட்வான்டேஜ் பாதையில் பல பிளான்களுக்குக் கூடுதல் பிரீமியமே இல்லை. பி-க்கான 202.90 மட்டும் எப்படியும் கட்ட வேண்டும். 'ஜீரோ பிரீமியம்' என்ற விளம்பரத்தில் அது சின்ன எழுத்தில் இருக்கும். பல், கண்ணாடி, உடற்பயிற்சிக் கூடம் என்று சில்லறைச் சலுகைகள் உண்டு. ஏ, பி-க்கு இல்லாத உச்சவரம்பும் இதில் உண்டு. நெட்வொர்க்குக்குள், அதாவது அந்தக் கம்பெனியோடு ஒப்பந்தமுள்ள டாக்டர்களிடமும் ஆஸ்பத்திரிகளிலும், வருடத்துக்கு அதிகபட்சம் 9,250 டாலர், பல பிளான்களில் அதைவிடக் குறைவு. விலை என்னவென்றால் நெட்வொர்க்கும் முன் அனுமதியும். உங்கள் இதய டாக்டர் அடுத்த வருடம் நெட்வொர்க்கில் இருப்பார் என்று யாரும் உறுதி தர மாட்டார்கள். ஸ்கேனுக்கும் அறுவைச் சிகிச்சைக்கும் கம்பெனி சரி என்று சொல்லும்வரை காத்திருக்க வேண்டிவரும். வருடத்தில் பாதியை வேறு மாநிலத்தில் பேரக்குழந்தைகளோடு கழிக்கிறவர்களுக்கு இது சரிப்படாது.

இப்போது அந்த பி தேதிக்கு வருகிறேன். 65 வயதாகி பி தொடங்கிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்கு, எந்த மெடிகேப் கம்பெனியும் உங்கள் நோய்களைக் காட்டி மறுக்க முடியாது, விலையை ஏற்றவும் முடியாது. சர்க்கரை, ஸ்டென்ட், புற்றுநோய், எதுவானாலும் சரி. ஆறு மாதம் கழிந்தால் பெரும்பாலான மாநிலங்களில் உடல்நிலையைக் கேட்பார்கள், மறுக்கவும் செய்வார்கள். அதற்குப் பிறகும் எப்போதுமோ வருடத்தில் குறிப்பிட்ட காலத்திலோ கதவைத் திறந்து வைப்பவை நியூயார்க், கனெக்டிகட், மாசசூசெட்ஸ், மெய்ன் போன்ற சில மாநிலங்களே. ஆகவே இன்று மெடிகேப் எடுத்தவர் நாளை அட்வான்டேஜுக்கு மாறுவது சுலபம். அட்வான்டேஜில் ஐந்து வருடம் இருந்து, உடம்புக்கு வந்த பிறகு மெடிகேப் கேட்பது கஷ்டம். 65இல் நேராக அட்வான்டேஜில் சேர்ந்தவருக்கு மட்டும் முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் திரும்பி வர ஓர் உரிமை உண்டு.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், பிரீமியம் கட்ட வசதி இருந்தால் மெடிகேப்தான். 65இல் நன்றாக இருக்கும்போது அது வீண் செலவாகத் தெரியும். 78இல் தெரியாது. வசதி இல்லையென்றால் அட்வான்டேஜ் ஒன்றும் மோசமில்லை; பி-யின் 20 சதவீதத்தோடு வெறுங்கையாக நிற்பதற்கு அது எவ்வளவோ மேல். வருமானம் மிகக் குறைவு என்றால், ஏழைகளுக்கான அரசு மருத்துவ உதவியான மெடிகெய்டும், மருந்துச் செலவுக்கு 'எக்ஸ்ட்ரா ஹெல்ப்' என்ற திட்டமும் கிடைக்குமா என்று முதலில் பாருங்கள்.

படி 5: மருந்துப் பட்டியல்

டி எடுக்கக் கம்பெனியைத் தேட வேண்டாம், மாத்திரையிலிருந்து தொடங்குங்கள். வீட்டில் இருக்கிற மருந்துப் புட்டிகளையெல்லாம் மேஜையில் வரிசையாக வையுங்கள். மெடிகேர் வலைத்தளத்தில் பிளான் தேடும் பக்கத்தில் ஒவ்வொரு பெயரையும், எத்தனை மில்லிகிராம், மாதத்துக்கு எத்தனை என்பதையும் அடியுங்கள். வழக்கமான மருந்துக்கடையையும் குறிப்பிடுங்கள். பிரீமியத்தைப் பார்க்காமல் வருட மொத்தச் செலவு என்ற வரியைப் பார்த்து வரிசைப்படுத்துங்கள். நாங்கள் செய்தபோது எனக்கு ஒரு கம்பெனி, மனைவிக்கு வேறு கம்பெனி என்று வந்தது. ஒரே வீடு, இரண்டு டி. அதில் தப்பே இல்லை.

பிளானின் பட்டியலில் உள்ள மருந்துகளுக்கு உங்கள் கையிலிருந்து போவது வருடத்துக்கு 2,100 டாலரோடு நின்றுவிடும். இன்சுலினுக்கு மாதம் 35 டாலருக்கு மேல் இல்லை. மாத்திரையே சாப்பிடாதவர்கள்கூட இருப்பதிலேயே மலிவான டி ஒன்றை எடுத்து வைப்பது அபராதத்துக்காகவாவது நல்லது.

கவனிக்க வேண்டிய சில

ஓய்வு பெற்ற முதல் வருடம் பி-யின் பில் 202.90க்குப் பதிலாக 284.10 என்றோ அதற்கு மேலேயோ வந்தால் திகைக்க வேண்டாம். இரண்டு வருடம் முந்தைய வரிக்கணக்கைப் பார்த்து, தனிநபர் வருமானம் 109,000 டாலரையும் தம்பதிகளுக்கு 218,000 டாலரையும் தாண்டினால் கூடுதலாகக் கேட்பார்கள். அப்போது சம்பளம் இருந்தது, இப்போது இல்லை. எஸ்எஸ்ஏ-44 என்ற படிவத்தில் வேலை நின்றதைக் காட்டிக் குறைக்கச் சொல்லலாம்.

ஆஸ்பத்திரியில் படுக்கை கொடுத்துவிட்டால் சேர்த்துவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. நண்பரின் மாமியார் இடுப்பு வலியோடு மூன்று இரவு படுத்திருந்தார். சாப்பாடு, கையில் பட்டை, எல்லாம் உண்டு. ஆனால் காகிதத்தில் 'அப்சர்வேஷன்', அதாவது உள்நோயாளியாகச் சேர்க்காமல் கண்காணிப்பில் மட்டும் வைத்திருப்பது என்று இருந்தது. மூன்று நாள் உள்நோயாளியாக இருந்தால்தான் பிறகு நர்ஸிங் மையத்தில் தங்கும் செலவை ஏ ஏற்கும், முதல் 20 நாள் முழுவதுமாக. அவருக்கு அது கிடைக்கவில்லை. முதல் நாளே கேளுங்கள்: "இன்பேஷண்டா, அப்சர்வேஷனா?"

ஊருக்குப் போகும்போது ஏ, பி உங்களோடு வராது. வெளிநாட்டுச் செலவுக்கு மெடிகேர் அநேகமாகப் பணம் தருவதில்லை. மெடிகேப் ஜி, என் இரண்டிலும் வெளிநாட்டு அவசரச் சிகிச்சைக்கு, பயணத்தின் முதல் 60 நாளுக்குள், 250 டாலர் போக 80 சதவீதம், ஆயுள் முழுக்க 50,000 டாலர் வரை உண்டு. மூன்று மாதம் தங்கப் போகிறவர்கள் தனியாகப் பயணக் காப்பீடு எடுங்கள்.

குழப்பம் தீரவில்லையென்றால் ஏஜெண்டிடம் போகும் முன் உங்கள் மாநிலத்தின் ஷிப் (மெடிகேர் பற்றி ஆலோசனை சொல்லும் அரசுத் திட்டம்) ஆலோசகரைக் கூப்பிடுங்கள். கலிஃபோர்னியாவிலும் டெக்சஸிலும் அதற்குப் பெயர் ஹைகேப். கட்டணம் இல்லை, கமிஷனும் இல்லை. மெடிகேரின் சொந்த எண் 1-800-633-4227. தமிழ் வேண்டுமென்றால் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம்.

சேர்ந்த பிறகும் வருடா வருடம் ஒரு வேலை உண்டு. செப்டம்பர் கடைசிக்குள் உங்கள் டி அல்லது அட்வான்டேஜ் கம்பெனியிடமிருந்து, அடுத்த வருடம் என்னென்ன மாறுகிறது என்று ஒரு தடித்த கடிதம் வரும். அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை மாற்றிக்கொள்ளலாம். போன வருடம் என் மனைவி அதை அந்தப் பழைய அட்டைப் பெட்டியில் போடப் போனாள். பிரித்துப் பார்த்தால், அவள் தினமும் போடும் சொட்டு மருந்து பட்டியலிலிருந்தே தூக்கப்பட்டிருந்தது. அன்று ராத்திரியே மறுபடி புட்டிகளை மேஜையில் வரிசையாக வைத்தோம்.